கன்று செத்தது பசுவுக்குத் தெரியுமா?

பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டுப் பசு ஈன்ற பன்னிரண்டாம் நாள் கன்று கழிச்சலில் செத்துவிட்டது. அண்ணன் விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புறவாசல் பலாமரத்தடியில் குழிவெட்டிப் புதைத்துவிட்டார். இரண்டு நாளாகப் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிறது, கத்துகிறது, தீவனத்தைத் தொடவில்லை. "ஐந்தறிவுச் சீவனுக்குச் சாவைப் பற்றி என்ன தெரியும், மடி கனத்துக் கத்துகிறது" என்கிறார் அண்ணன். "அதுக்கு எல்லாம் தெரியும், பிள்ளையை நினைத்து அழுகிறது" என்கிறார் ஆச்சி. இரண்டு பேரில் யார் சொல்வது சரி? விலங்கு நினைத்துப் பார்க்குமா? செத்துப்போவது என்றால் என்னவென்று அதற்குப் புரியுமா? இதுதான் கேள்வி.

முதலில் பசுவைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஈன்று இரண்டு வாரம்கூட ஆகாத மாடு இரண்டு நாள் தீவனம் எடுக்கவில்லை என்றால் அதைத் துக்கம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கருப்பையில் புண்ணோ சீழோ இருக்கலாம், கன்று குடிக்காத பால் கட்டி மடிநோய் தொடங்கியிருக்கலாம், உடம்புக்குச் சக்தி போதாமல் வருகிற கீட்டோசிஸ் நோய் ஆரம்பமாகியிருக்கலாம். மாட்டின் உடல் வெப்பம் சாதாரணமாக 101.5 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். 103-ஐத் தாண்டினால் இன்றே மருத்துவரை அழையுங்கள். காம்பு ஒவ்வொன்றிலும் நாலு பீச்சு கறந்து, பாலில் திரியோ ரத்தமோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வேளையும் மடி காலியாகும்வரை கறந்துவிடுங்கள். திருவட்டாறு, அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் கால்நடை மருத்துவனாக வேலை பார்த்தவன் நான். கன்றை நினைத்து ஏங்குகிறது என்று வீட்டார் விட்டுவைத்து, நான் போய்ச் சேரும்போது மடி கல்லாகிப்போயிருந்த மாடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருவோம்.

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மடி கனத்தால் மாடு கத்தும். ஆனால் நன்றாகக் கறந்து மடி தொய்ந்த பிறகும் கன்றைப் பிரிந்த மாடு கத்திக்கொண்டுதான் நிற்கும், வீட்டில் நீங்களே பார்க்கலாம். பால்மாட்டுப் பண்ணைகளில் செய்த ஆய்வுகளும் இதைக் காட்டுகின்றன. பிறந்த சில மணி நேரத்தில் கன்றைப் பிரித்தால் தாய் கத்துவது குறைவு, சில நாள் கூட இருக்கவிட்டுப் பிரித்தால் கத்துவது அதிகம். நக்கி நக்கி, மோந்து மோந்து, இது என் கன்று என்று அதன் மூக்கில் பதிந்துபோவதுதான் காரணம். மடி கனப்பது மட்டும் காரணமாக இருந்தால் இந்த வித்தியாசம் வராது.

ஆனால் ஆச்சிக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கன்றை வியாபாரிக்கு விற்றுவிட்டாலும் பசு இப்படியேதான் கத்துகிறது. அந்தக் கன்று வேறு ஊரில் உயிரோடு நிற்கிறது. ஆகவே பசு கத்துவதை வைத்து அதற்குப் பிரிவு தெரிகிறது என்று சொல்லலாம், சாவு தெரிகிறது என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். விலங்குக்கு உள்ளே உணர்வு உண்டா என்பது ஒன்று. அந்த உணர்வுக்குள் சாவு என்ற எண்ணம் உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இன்று நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதுதான் சிக்கல்.

"ஐந்தறிவு" என்ற சொல் தொல்காப்பியத்திலிருந்து வருவது. அதன் மரபியல் என்ற பகுதியில் தொல்காப்பியர் உயிர்களை அறிவால் அடுக்கும்போது, தொட்டு அறிவதில் தொடங்கி, சுவை, மோப்பம், பார்வை, கேள்வி என்று ஏறி, ஆறாவதாக மனத்தை வைக்கிறார். மாவுக்கு, அதாவது விலங்குக்கு, ஐந்து, மக்களுக்கு ஆறு. இதை எல்லாரும் சொல்வார்கள். அதை ஒட்டியே இன்னொரு நூற்பா வருவதை அதிகம் பேர் சொல்வதில்லை. உரையாசிரியர் இளம்பூரணர் கொண்ட பாடத்தில் "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்று இருக்கிறது. விலங்குகளில் ஒரு பகுதியும் ஆறறிவு உள்ளவை என்பது அதன் பொருள். கிளி, குரங்கு, யானை என்று பெயர் சொல்லியே இளம்பூரணர் உரை எழுதுகிறார். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் என்று நம் ஊரில் சொல்வார்கள். எப்படியானாலும், விலங்குக்கு மனம் கிடையாது என்று அடித்துச் சொல்ல அந்த நூலைத் துணைக்கு அழைக்க முடியாது. விலங்குக்கும் ஒரு கதவை அது திறந்தே வைத்திருக்கிறது.

இன்றைய அறிவியல் அந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. 2012 ஜூலை 7-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் கூடிய மூளை ஆய்வாளர்கள், பாலூட்டிகள், பறவைகள், ஆக்டோபஸ் போன்றவற்றுக்கு நனவை உண்டாக்கும் மூளை அமைப்பு இருக்கிறது என்று கூட்டாக அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் வந்த இன்னொரு அறிக்கை, முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளுக்கும், கணவாய், நண்டு, பூச்சிகள்வரைக்கும்கூட அந்த வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது என்றது. அறிக்கைகள் கிடக்கட்டும், எனக்குப் பிடித்த இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

ஒன்று காக்கை பற்றியது. ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் நீடர் குழு 2020-இல் வெளியிட்டது. வெளிச்சம் தெரிந்தால் ஒரு மாதிரி, தெரியாவிட்டால் வேறு மாதிரி பதில் காட்டக் காக்கைகளைப் பழக்கினார்கள். பிறகு தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்கு மங்கலான வெளிச்சத்தைக் காட்டினார்கள். அதே வெளிச்சத்தைக் காக்கை சில தடவை பார்த்ததாகச் சொன்னது, சில தடவை பார்க்கவில்லை என்றது. பதில் சொல்வதற்கு முன் மூளையில் ஒரு பகுதி நரம்பணுக்கள் எதைப் பின்பற்றின என்றால், வெளிச்சத்தை அல்ல, "பார்த்தேன், பார்க்கவில்லை" என்ற காக்கையின் பதிலை. வெளியே இருப்பது வேறு, உள்ளே தோன்றுவது வேறு என்று ஒரு பறவையின் தலைக்குள் பிரிந்து தெரிந்தது.

இன்னொன்று மாட்டைப் பற்றியது. 2004-இல் கேம்பிரிட்ஜில், பலகையை அழுத்தினால் கதவு திறந்து தீவனத்துக்குப் போகலாம் என்று கிடாரிகளுக்குப் பழக்கினார்கள். வேறு சில கிடாரிகளுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், அதே நேரத்தில் கதவு தானாகத் திறந்தது. தீவனம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் தானே கற்றுக்கொண்ட கிடாரிகளுக்குத்தான், பாடம் பிடிபட்ட சமயத்தில் நெஞ்சுத் துடிப்பு கூடியது, துள்ளி ஓடின. கண்டுபிடித்த மகிழ்ச்சி என்று நான் அதை வாசிக்கிறேன். அது தவறு என்று காட்ட வேறு நல்ல விளக்கம் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன். இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஆக, உங்கள் பசு உள்ளே எதையும் உணராமல் வெறும் கருவியாக நிற்கிறது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

இப்போது சாவு. சாவைப் புரிந்துகொள்வது என்பது ஒரே விஷயம்போலத் தெரியும், ஆனால் அதற்குள் பல துண்டுகள் இருக்கின்றன. குழந்தைகளை வைத்து ஆராய்ந்தவர்கள் அதைப் பிரித்துக் காட்டினார்கள். செத்த உடல் இனி மூச்சுவிடாது, பார்க்காது, பசிக்காது என்பது ஒன்று. திரும்பி வராது என்பது ஒன்று. எல்லா உயிருக்கும் இது வரும், எனக்கும் வரும் என்பது ஒன்று. நோய், காயம் போன்ற காரணத்தால் வருகிறது என்பது ஒன்று. நம் பிள்ளைகளும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் பெரும்பாலும் இதை முழுசாகப் பிடிக்கிறார்கள். தாத்தாவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் "தாத்தா எப்போ வருவாங்க" என்று கேட்கிற நாலு வயதுப் பிள்ளைக்கு மனம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஸ்பெயின் நாட்டுத் தத்துவ அறிஞர் சுசானா மோன்சோ, முதல் இரண்டு துண்டுகள் இருந்தாலே சாவைப் பற்றிய ஒரு சின்ன எண்ணம் இருப்பதாகக் கொள்ளலாம் என்கிறார். நானும் அந்தக் கட்சிதான். "எனக்கும் ஒருநாள் வரும்" என்பதை மாட்டிடம் தேடிக்கொண்டிருந்தால், மாட்டிடம் இருப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

ஆனால் பிணத்தைக் கண்டு ஏதோ செய்கிற எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். செத்த ஈயைக் கூட்டிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே போடுவதற்கென்றே சில வேலைக்கார ஈக்கள் இருக்கும். எறும்பும் அப்படித்தான் செய்யும். 1958-இல் எட்வர்ட் வில்சனும் அவருடன் இருந்தவர்களும் செத்த எறும்பில் ஊறும் ஒலியிக் அமிலத்தை உயிருள்ள எறும்பின்மேல் தடவிப் பார்த்தார்கள். அது காலை உதைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றவை அதைத் தூக்கிப்போய்க் குப்பைமேட்டில் போட்டன. திரும்பி வந்தால் மறுபடியும் தூக்கிப் போட்டன, உடம்பைச் சுத்தம் செய்து வாடை போகும்வரைக்கும். உடம்பு துடிக்கிறது என்பது அங்கே கணக்கில் வரவே இல்லை, வாடைதான் கணக்கு. பூச்சிகளுக்கு உள்ளுணர்வே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இந்த ஒரு காரியத்துக்குச் சாவு என்ற எண்ணம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கரண்டுக் கம்பியில் அடிபட்டு ஒரு காக்கை விழுந்தால் ஊர்க் காக்கை எல்லாம் கூடிக் கரைவதை நாம் துக்கம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். ஆடி அமாவாசைக்கு முன்னோர் என்று அதற்குச் சோறு வைக்கிற நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. சியாட்டில் நகரத்தில் கேலி ஸ்விஃப்ட்டும் ஜான் மார்ஸ்லஃபும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முகமூடி போட்ட ஒருவர் செத்த காக்கையைக் கையில் ஏந்தி நின்றார். காக்கைகள் கூடிக் கத்தின. ஆறு வாரம் கழித்து அதே முகமூடி வெறுங்கையோடு வந்தபோதும் கத்தின. அந்த இடத்தில் வழக்கமாக வைக்கும் தீனியை எடுக்கவும் தயங்கின. "இங்கே ஆபத்து இருக்கிறது, இந்த ஆள் ஆபத்து" என்று அவை சாவிலிருந்து பாடம் படிக்கின்றன. இதில் துக்கம் கலந்திருக்கிறதா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ஆனால் செத்த காக்கையும் உயிருள்ள காக்கையும் வேறு என்று அவற்றுக்கு நன்றாகவே தெரிகிறது.

குரங்கிடம் வரும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. பேச்சிப்பாறை போகும் வழியில் ஒரு நாட்டுக்குரங்கு, காய்ந்து தோலாகிப்போன குட்டியை ஒரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, மூன்று காலில் ரோட்டைக் கடந்ததைப் பார்த்தேன். வண்டியை ஓரம்கட்டி நின்றுவிட்டேன். 2021-இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு, 50 வகைக் குரங்கு இனங்களில் குட்டி செத்தபோது தாய் என்ன செய்தது என்ற 409 பதிவுகளைத் திரட்டியது. பத்தில் எட்டு இனங்களில் தாய் பிணத்தைத் தூக்கித் திரிந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டு பொசூ என்ற ஊரில் 2003-இல் ஒரு சிம்பன்சித் தாய் தன் குட்டியின் உடலை 68 நாள் சுமந்தது. வெயிலில் வற்றி, மம்மிபோல ஆன பிறகும் அதன்மேல் உட்காரும் ஈயை விரட்டிக்கொண்டிருந்தது. கடலிலும் இது நடக்கிறது. 2018-இல் அமெரிக்க, கனடா எல்லைக் கடலில் டாலெக்வா என்று பெயரிட்ட ஓர்காத் திமிங்கலம், பிறந்து கொஞ்ச நேரத்தில் செத்த குட்டியை 17 நாள் தலையால் தாங்கிக்கொண்டு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீந்தியது.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். குட்டி செத்தது தெரியாததால் சுமக்கிறது என்பது ஒன்று. தெரிந்தும் விட முடியாமல் சுமக்கிறது என்பது இன்னொன்று. நான் ரோட்டில் பார்த்தது இரண்டாவதற்குச் சாட்சி என்றே நினைக்கிறேன். உயிருள்ள குட்டியை எந்தக் குரங்கும் ஒரு கையைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு போகாது, வயிற்றோடு அணைத்துக்கொள்ளும். குட்டி தானாகப் பற்றிக்கொள்ளாது என்று அறிந்துதான் தாய் தூக்கும் விதத்தை மாற்றுகிறது. வாயில் கவ்வுவது, இழுப்பது என்று உயிருள்ள குட்டியிடம் காட்டாத நடத்தைகளை ஆய்வாளர்களும் பல இனங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் துண்டு, "இது இனி ஒன்றும் செய்யாது" என்பது, அங்கே இருக்கிறது.

குறுந்தொகையில் கடுந்தோட் கரவீரன் பாடிய ஒரு பாட்டில், ஆண்குரங்கு செத்துப்போக, மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. அது மனிதன் தன் மனத்தைக் குரங்குக்குக் கொடுத்தது. அப்படி ஒரு காரியத்தை எந்தக் குரங்கும் செய்து நான் அறிந்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டில் சாவுக்கு வருகிற சொல் "பெரும்பிறிது". பெரிய வேறொன்று. விலங்குக்குச் சாவு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்னிடம் இதைவிட நல்ல சொல் இல்லை. இருந்தது வேறாகிவிட்டது என்று அதற்குத் தெரிகிறது.

யானையைச் சொல்லாமல் விட்டால் கோதையாற்றுப் பக்கத்து ஆட்கள் கோபிப்பார்கள். வடக்கு வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களில் யானைகள் ஐந்து கன்றுகளை வாய்க்கால் குழிகளில் கால் மேலே இருக்கும்படி போட்டு மண் மூடியிருந்ததை 2024-இல் பர்வீன் கஸ்வானும் ஆகாஷ்தீப் ராயும் எழுதினார்கள். பிறகு அந்த வழியைக் கூட்டம் தவிர்த்ததாம். ஆச்சரியமான செய்திதான். ஆனால் ஐந்தே நிகழ்வுகள், அதுவும் மனிதர் வெட்டிய வாய்க்காலில். இதை வைத்து யானைக்கு ஈமச்சடங்கு உண்டு என்று சொல்ல நான் அவசரப்பட மாட்டேன்.

மாட்டுக்கே திரும்புகிறேன். மாட்டைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் கன்று செத்தால் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைப்பார்கள். தோல்கன்று. கறக்கும் நேரத்தில் அதைப் பசுவின் முன்னால் வைத்தால் அது நக்கும், அடக்கிவைத்த பாலை விடும். எத்தனையோ பேர் இதைக் காட்டித்தான் "மாட்டுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார்கள். தலை இல்லாத, கால் இல்லாத ஒரு மூட்டையைக் கன்று என்று நம்புகிறதே என்று.

எங்கள் வீட்டுப் பசுவுக்கு முன் அந்தத் தோல்கன்றைத் தினமும் தூக்கிவைத்தது நான்தான். அது நக்கியது, பால் விட்டது, உண்மை. ஆனால் கன்று உயிரோடு இருந்தபோது அதைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் தொண்டைக்குள் "ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுக்குமே, அது ஒரு நாளும் வரவில்லை. தோல்கன்று சரிந்து விழுந்தால் மூக்கால் தள்ளி எழுப்பிப் பார்க்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நான் போகும்போது பின்னால் கயிற்றை இழுக்கவும் இல்லை. அதே நாட்களில் மேய்ச்சலுக்குப் போன இடத்தில் வேறு கன்று கத்தினால் தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்போது எனக்கு இது புரியவில்லை, கால்நடைக் கல்லூரியில் படித்தபோதுதான் விளங்கியது. வாடையும் நக்குவதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இறக்கும், ஆக்சிடோசின் பாலை இறக்கும். உடம்பு அதன் வேலையைப் பார்க்கிறது. பிள்ளையை இழந்த தாய்க்கு வேறு குழந்தை அழும் சத்தம் கேட்டால் மார்பில் பால் கசிவதில்லையா? அதனால் அவள் பிள்ளை செத்ததை அறியாதவள் என்று சொல்வோமா? உடம்பு ஏமாறும். ஏமாந்த உடம்புக்குள் இருக்கிறவளும் ஏமாந்துவிட்டாள் என்று அதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

உங்கள் பசுவிடம் வருகிறேன். அதற்குக் கன்று இல்லை என்பது தெரியும், அதனால் வேதனைப்படுகிறது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். கன்று செத்தது தெரியுமா என்றால், தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு. காலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். விற்ற கன்றும் அப்படித்தான் போகும். அண்ணனைக் குறை சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்கிறோம், பிணத்தைக் கண்ணில் படாமல் மறைப்பதுதான் இரக்கம் என்று. அருமனையில் ஒரு வீட்டில் மட்டும், ஆள் கிடைக்காததால் செத்த கன்று சாயங்காலம்வரை தொழுவத்திலேயே கிடந்தது. பசு முதலில் விடாமல் நக்கியது, மூக்கால் தள்ளியது. மத்தியானத்துக்குள் நக்குவது குறைந்தது. எடுக்கிற நேரத்தில் ஒரு தடவை மோந்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது. அன்று இரவு அது கத்தவில்லை என்றார்கள். வேறு ஒரு வீட்டில் அதேபோல விட்டுப் பார்த்தேன், அந்தப் பசு மூன்று நாள் கத்தியது. இரண்டு மாடு இரண்டு விதம். இருந்தாலும் அதற்குப் பிறகு, கன்று தொற்றுநோயில் சாகவில்லை என்றால் சில மணி நேரம் தாயிடம் விட்டுவையுங்கள் என்று நான் வீட்டாரிடம் சொல்லி வந்தேன். உங்கள் கன்று கழிச்சலில் செத்தது என்பதால், அங்கே சீக்கிரம் எடுத்ததும் சரிதான்.

ஒன்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள். காய்ச்சல் இல்லை, மடி நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, நாளைக் காலையில் கயிற்றை நீளமாகப் பிடித்துக்கொண்டு பசுவை அதன் விருப்பத்துக்கு நடக்கவிடுங்கள். கன்று கட்டியிருந்த முளைக்குப் போகிறதா, பலாமரத்தடிக்குப் போகிறதா? மரத்தடிக்குப் போனால் மண்ணை மோந்து என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, திரும்பி வந்ததும் தீவனம் எடுக்கிறதா? ஆச்சியையும் கூட நிற்கச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு பேரையும்விட அவர்களுக்கு அந்த மாட்டின் முகம் நன்றாகத் தெரிந்திருக்கும்.